காலாவதியாகாத தாள்

எங்கள் தெரு மருந்துக்கடையில் ஃபேக்ஸ் இயந்திரமும் இருப்பது எவ்வளவு வசதி தெரியுமா சார். என் கணவர் ஆர்லனுக்கு இருதய மாத்திரை வாங்கிக்கொண்டு, அப்படியே வங்கிக்கும் தாள்களை அனுப்பிவிட்டு வரலாம். ஏழு மாதம் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் டொலீடோ ஊரில் எல்லார் கதையும் ஒன்றுதான். தொழிற்சாலையை மூடினார்கள், வீட்டு விலை வீட்டுக்கு வாங்கிய கடனில் பாதிக்கு இறங்கியது. வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுப் பணத்தை உங்களிடமே கொடுத்துவிடுகிறோம், மீதிக் கடனை விட்டுவிடுங்கள் என்று வங்கியைக் கேட்டோம். வாங்க ஓர் இளம் ஜோடியும் கிடைத்தது. வங்கி தலையாட்டினால் போதும். ஆட்டாவிட்டால் ஏலம். எதிர்வீட்டை ஏலம் விட்டபோது கட்டிலைத் தூக்கிப் பனியில் வீசினார்கள். ஆர்லன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

வங்கியில் ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது பேசுவார்கள். என்ன கஷ்டம் என்று கடிதம் கேட்டார்கள். எழுதினேன். டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். அனுப்பினேன். முப்பது நாள் தாண்டினால் எந்தத் தாளும் செல்லாது. அவர்கள் எடுத்துப் படிப்பதற்குள் முப்பது நாள் தாண்டிவிடும்.

"ஏன்டி வெர்னா, என் பல்செட்டையும் ஃபேக்ஸ்ல கேட்டாங்களா?" என்பார் ஆர்லன். சிரித்துவிட்டு மூச்சு வாங்குவார்.

பிப்ரவரித் தொடக்கத்தில் வங்கியிலிருந்து ஷெரில் என்ற பெண் பேசினாள். வீட்டை வாங்குகிறவர்கள் மாதக் கடைசிவரைதான் பொறுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

"அழாதீங்க மேடம். வேலை போச்சு, விவாகரத்து, நோய், மரணம், கடனை விட்டுக்கொடுக்கிற காரணம்னு லிஸ்ட்ல இவ்வளவுதான் இருக்கு. நோய்னா மாசாமாசம் புது சர்டிபிகேட் வேணும். நான் என்ன பண்ண?"

"எதுதாம்மா காலாவதி ஆகாது?"

"டெத் சர்டிபிகேட்தான் மேடம்." பாவம், களைத்துப்போய்ச் சிரித்தாள். அவள்மேல் தப்பே இல்லை.

நான் தட்டில் வைக்கிற மாத்திரையை ஆர்லன் உற்றுப் பார்க்கிறவர் இல்லை. இருதய மாத்திரைக்குப் பதில் அதே நிறத்தில் வைட்டமின் வைத்தேன். பன்னிரண்டு நாள். "இப்பல்லாம் மாத்திரை கசக்கவே இல்லடி" என்றார். பத்தாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. சோபாவிலேயே படுக்கை போட்டுக் கொடுத்தேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், செலவு என்றார். நான் கேட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

மாத்திரைப் புட்டியை நான் ஒளிக்கவில்லை. அது நிறைந்திருந்ததைப் பார்த்துத்தானே என்னை இங்கே கூட்டிவந்தீர்கள். ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் தன் கட்டில் பனியில் கிடப்பதை அவர் பார்க்கவில்லை.

இறப்புச் சான்றிதழை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன். வந்து சேரவில்லை என்கிறார்கள். மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனில் ஃபேக்ஸ் இருக்குமே, ஒரு தடவை இங்கிருந்து அனுப்பிப் பாருங்களேன். போலீஸ் அனுப்பினால் தொலைக்க மாட்டார்கள்.