கையைத் தூக்கு, நான் வாரேன்

மொதல்ல எனக்கு வெனை வெச்சது என்ற தம்பி மகன் தமிழரசுங்க. அதைய மனசுல வெச்சுக்கிட்டு அப்பறமா இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில கை வைங்க. இல்லீங்க, நிறுத்தாதீங்க. சித்த பொறுங்க சாமி, உக்காருங்க. எடை மேடைக்கு இப்ப லாரி ஒண்ணும் வராது. இதைய ரிப்பேர் பாக்க மொதலாளி உங்கள வரச் சொன்னாரு, சரிங்க, நான் வேண்டாம்னு சொல்லலீங்களே. என்ன நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டுச் செய்யுங்கன்னுதான் சொல்றேன்.

சத்தம் கேக்குதுங்களா? லோடு லாரி மேட்டுல ஏறுற மாதிரி. ஏழு நாளா இப்படித்தான். மேல தொட்டுப் பாருங்க, தோசைக்கல்லாட்டம் இருக்கும். முந்தியெல்லாம் இது ஓடுதா இல்லியான்னே தெரியாதுங்க.

ஆமாங்க, லினக்ஸ்தான். தமிழரசு போட்டது. அவனுக்குப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. லாரி நெம்பரு அடிக்கவும் எடைச் சீட்டு எடுக்கவும் அவந்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தான். நான் மூணாங்கிளாஸ்ங்க. ஊட்டுல ஒரு கேமராவ மாட்டி, அந்தப் படம் இந்தத் திரையோரத்துல தெரியற மாதிரி வெச்சுக் குடுத்ததும் அவந்தான்.

அது எதுக்குங்கறீங்களா? என்ற ஊட்டுக்காரி ஆத்தாயிக்கு ரண்டு வருசத்துக்கு முந்தி வாதம் வந்துருச்சுங்க. எடது கை, எடது காலு போச்சு. பேச்சு இருக்குது, ஆனா ஒத்தைக் கையில போனைப் புடிச்சு அமுக்க வராது. புள்ளை மதுமதியக் கட்டிக் குடுத்தாச்சு, மேட்டூர்ல இருக்குது. நான் வேலைக்கு வந்தாத்தான சோறு. அதனால அவகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். ஏதாச்சும் வேணும்னா வலது கையைத் தூக்கு, நான் பாத்துட்டு வாரேன்னு. ஊடு புதுச்சத்திரத்துக்குள்ளதான், மொபெட்டுல அஞ்சு நிமிசம். ரண்டு வருசமும் அவ கையத் தூக்கி நான் போகாம இருந்ததில்லீங்க.

அதுக்குத்தான் வாரேன். லினக்ஸுக்குப் புதுசா ஒரு கர்னல், அதான் உள்ளயிருந்து பெட்டிய ஓட்டற மூலப் புரோகிராம், வந்து எறங்கியிருக்குது பெரீப்பா, பெட்டிய நிறுத்திப் போட்டாத்தான் அது வேலைக்கு வரும், நிறுத்தாதீங்க, தீவாளிக்கு வந்து நானே பாத்துக்கறேன்னு போன்ல சொன்னான். நிறுத்த வேண்டாம்னு மொதலாளி மகனை விட்டு ஒரு சீட்டும் ஒட்ட வெச்சான். பாருங்க, இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குது.

ஆனா ஆயுத பூசை வந்துருச்சுங்களே. மேடையக் கழுவி, மொபெட்டக் கழுவி, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சமுங்க. பூசையில வெச்ச சாமான அன்னிக்கு ஓட விடலாமுங்களா? மம்பட்டி கூட மூலையில சும்மா கெடந்துச்சு. சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, சுச்ச நிறுத்துனேன். ஆமாங்க, நாந்தான் நிறுத்துனேன். அதுக்கென்னங்க? பூசைக்கு நிறுத்துவாங்கன்னு அவனுக்குத் தெரியாதா? அவனும் இந்த ஊர்ல பொறந்தவந்தான.

மக்யா நாள் காத்தால போட்டேன். போட்டதுமே அலற ஆரம்பிச்சிருச்சு. லாரி நெம்பரு அடிச்சா சீட்டு வர அஞ்சு நிமிசம். ஓரத்துல ஆத்தாயி படம் நிக்குது, ஓடுது, மறுபடி நிக்குது.

ஒம்போது மணி இருக்குமுங்க, கையத் தூக்குனா. ஓடுனேன். தண்ணி கேட்டா, குடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா கை தூக்குனபடியே இருக்குது. மறுபடி ஓடுனேன். அவ பாட்டுக்குப் படுத்துக்கிட்டு, ஏனுங்க, எதைய மறந்துட்டுப் போனீங்கன்னு கேக்கறா. இங்க வந்தா இன்னும் கை மேலதான் நிக்குது. நின்னுபோன படமா, நெசமான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? மூணாவது வாட்டியும் போனேன். கண்ண மூடித் தூங்கறா.

திரும்பி வந்தா ஆறு லாரி நிக்குது. ராசுன்னு ஒருத்தன், மக்காச்சோள லோடு ஓட்டறவன். என்ன பெருசு, புதுமாப்பிள்ளையாட்டம் மணிக்கு மூணு வாட்டி ஊட்டுக்கு ஓடறயேன்னான். அத்தனை பேரும் சிரிச்சானுங்க. எனக்கு அறுவத்தேழு வயசுங்க.

தமிழரசுக்குப் போன் போட்டுக் கத்துனேன். அவன் பொறுமையாத்தான் பேசுனான், பொய் சொல்லக் கூடாது. நிறுத்திட்டீங்களா பெரீப்பான்னு மட்டும் ஒரு வாட்டி கேட்டான். அந்தக் கேள்விதானுங்க என்னைய அறுக்குது. நானா குத்தவாளி?

அன்னிக்கு ஒரு மணிக்குச் சோத்துக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழ கெடந்தா. ஒதுங்கறதுக்குப் போகோணும்னு கையத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, தானா எந்திரிச்சிருக்கறா. இடுப்பெலும்பு போச்சுங்க. நாமக்கல் ஆஸ்பத்திரியில கெடக்கறா. கண்ணத் தொறந்ததும் கேட்டது, நான் கையத் தூக்குனனே, பாக்கலீங்களான்னு. படம் நின்னுபோச்சு ஆத்தாயி, எல்லாம் தமிழரசு பண்ணுன வேலைன்னேன். இப்ப அவளும் அவனைத்தான் திட்டறா.

கண்டுபுடிச்சிட்டீங்களா? கே ஒர்க்கருன்னு ஒண்ணு, பெட்டியோட சத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்ட அதுவே திங்குதுங்களா? ஆமாங்க, அந்தப் பட்டியல்ல எப்பவும் அதுதான் மேல நிக்குது. அப்பக் கேமரா மேல குத்தம் இல்லீங்களா? புதுக் கர்னலுக்கும் இந்தப் பழைய பெட்டிக்கும் ஒத்துக்கலியா? பழசு உள்ளயே கெடக்குதுங்களா? நிறுத்திப் போடறப்போ பட்டியல்ல அதையத் தேர்ந்து எடுத்தாப் போதுமா? இவ்வளவுதானுங்களா?

இருங்க. இப்ப எதையத் தொறக்கறீங்க?

தமிழரசு கேட்டானா? உங்களுக்குமே போன் போட்டுட்டானா? அன்னிக்கு என்னென்ன நடந்துச்சுன்னு பதிவெல்லாம் அனுப்பச் சொன்னானா? அதுல என்னங்க இருக்கும்? படம் எந்நேரம் நின்னுச்சு, எந்நேரம் ஓடுச்சுன்னு கூடவா எழுதி வெச்சுக்கும்? யாரு சொல்லி எழுதுதுங்க அது?

அதைய அனுப்போணும்னு கட்டாயமுங்களா சாமி?

இல்ல, இருங்க, சன்னலச் சாத்திட்டு வாரேன்.

போன்ல அன்னிக்கு அவன் ஒண்ணு சொன்னானுங்க. பெரீப்பா, படத்து மூலையில நொடி ஓடும், அது ஓடுனா நெசம், நின்னா பழசு, அதையப் பாத்துட்டுப் போங்கன்னான். பதினொண்ணே முக்காலுக்கு ராசு ரண்டாவது லோடு கொண்டாந்து மேடை மேல நிறுத்துனான். அப்பக் கை மேல போச்சுங்க. மூலையப் பாத்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பதுன்னு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. ராசு சன்னல்ல கையூனிக்கிட்டு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். நான் எந்திரிக்காம அவனுக்குச் சீட்டு அடிச்சேன்.

சரி, நிறுத்துங்க. பழசையே போடுங்க. சத்தம் அடங்குனாச் சரி.

ஆனா தமிழரசு தீவாளிக்கு வரட்டும். ஆத்தாயி கட்டில்கிட்ட நின்னு, தப்பு எம்மேல பெரிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அதைய அவன் இன்னும் சொல்லலீங்க.