பொடியா, பாலா, உம்மே ஹானியின் கையா?

மேடையில் வீற்றிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, செவிலியர் சங்கத்துப் பெருமக்களே, துக்கத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிஸ்டரின் கணவர் ஜானி பாஷா பாய் அவர்களே, பின்னால் பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் எழுதி வந்த உரை சட்டைப்பையில் இருக்கிறது. 'அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்' என்று முடித்திருக்கிறேன். மதியம் அதைப் படித்துப் பார்த்தேன். எந்தப் பணியை? அங்கேயே மாட்டிக்கொண்டேன். குழந்தை மருத்துவனாக இருபது வருடம் வேலை பார்த்த எனக்கு, எங்கள் தலைமைச் செவிலியர் உம்மே ஹானி சிஸ்டர் செய்தது எது என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அந்தத் தாளை எடுக்காமலே பேசுகிறேன்.

குறைமாதக் குழந்தைகளின் பிரிவை அவர் பத்தொன்பது வருடம் நடத்தினார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராத நாட்களில் வேங்கிக்காலிலிருந்து நடந்தே வந்து, எனக்கு முன்னால் கை கழுவிக்கொண்டு நிற்பார். போன செவ்வாய்க்கிழமையும் வேலை முடித்துத்தான் வீட்டுக்குப் போனார். நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் நான் ஒரு பொடியைக் கொண்டுவந்தேன். நல்லது செய்யும் கிருமிகள் அடங்கிய பொடி. தாய்ப்பாலில் கலந்து கொடுத்தால், மாதம் நிறையாத பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் குறையும் என்று படித்திருந்தேன். சிஸ்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிருமி உள்ள வரக்கூடாதுன்னுதானே சார் மொழங்கை வரைக்கும் கழுவுறோம். இப்ப நாமளே உள்ள விடணுமா?"

"தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான் சிஸ்டர்."

"உறை ஜாஸ்தியானா புளிச்சிடுமே சார்."

அப்போது சிரித்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

முதலில் பொடி கொடுத்தது, கீழ்பென்னாத்தூர் உண்ணாமலையின் பெண் குழந்தைக்கு. தொள்ளாயிரத்து எண்பது கிராம். அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது, இதோ பின்வரிசையில் அம்மாவின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை பிழைத்த செய்தி ஊரெல்லாம் பரவியது. பிறந்த பிள்ளைக்கு முதல் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைப்பதை நம் பக்கத்தில் சேனை வைப்பது என்கிறோம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புகிறோம். இந்தப் பொடியையும் ஜனங்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். "ஹானி சிஸ்டர் கையாலதான் வைக்கணும்" என்றார்கள். அவர் விடுப்பில் போன நாளில் ஒரு குடும்பம் வேறு யாரையும் தொட விடவில்லை.

வேறொருவராக இருந்தால் பெருமைப்பட்டிருப்பார். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. "அவங்க மருந்துக்குக் காத்திருக்கல சார், எனக்குக் காத்திருக்காங்க. நான் இல்லன்னா என்ன பண்ணுவாங்க?" என்றார். மறுநாளிலிருந்து தாய்மார்களை உள்ளே வரவழைத்தார். கை கழுவ வைத்தார். அவரவர் பாலை அவரவரே பீய்ச்ச வைத்தார். பொடியைக் கலந்து, பால் புகட்டும் பாலாடையைத் தாயின் கையில் கொடுத்து, அந்த மணிக்கட்டைத் தான் பிடித்துக்கொண்டார்.

அந்த வருடம் குடல் நோய் பாதியாகக் குறைந்தது. நான் வேலூரில் ஒரு கூட்டத்தில் பொடியைப் பற்றிப் பேசிச் சால்வையோடு திரும்பினேன். "பொடிக்குப் போட்டாங்களா, உங்களுக்குப் போட்டாங்களா சார்?" என்று கேட்டார் சிஸ்டர். நியாயமான கேள்வி. ஒரே வருடத்தில் பொடி வந்தது, தாய்ப்பால் கூடியது, கை கழுவுவது கூடியது. பிள்ளைகளைக் காப்பாற்றியது எது? பொடியா? பாலா? அவர் பிடித்த மணிக்கட்டா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு குழந்தைக்கு இரத்தத்தில் தொற்று வந்தது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது வந்தது, நாங்கள் பொடியில் கொடுத்த அதே கிருமி. அரிதாக நடக்கும் என்று படித்திருந்தேன். எங்களுக்கும் நடந்தது. குழந்தை தேறிவிட்டது. நான் பயந்துபோய்ப் பொடியை நிறுத்தினேன். குறிப்பில் 'தொற்று' என்று மட்டும் எழுதினேன்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"சொன்னா பயந்துடுவாங்க சிஸ்டர்."

"பயப்படட்டும். அவங்க புள்ளதானே."

அவரே போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தத் தாயின் எதிரில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்ததால்தான் வந்திருக்கிறது என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இந்தச் சபையில் அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

பொடியை நிறுத்திய பிறகாவது நிம்மதி வந்ததா? அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்குக் குடல் நோய் வந்தது. ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை. நிறுத்தியதால் வந்ததா, இல்லாவிட்டாலும் வந்திருக்குமா? எங்களிடம் இருக்கும் கொஞ்சம் பிள்ளைகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பெரிய பெரிய நாடுகளிலேயே கொடு என்கிறவர்களும் இருக்கிறார்கள், கொடுக்காதே என்கிறவர்களும் இருக்கிறார்கள். "குடுத்தது சரியா, நிறுத்துனது சரியா சார்?" என்று சிஸ்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். "இத என்கிட்ட சொல்றீங்க, அவங்ககிட்ட ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றார். இனி அதற்குப் பதில் சொன்னாலும் கேட்க அவர் இல்லை.

இன்று எங்கள் பிரிவில் மூன்றாவது இன்குபேட்டர் பெட்டியில் தேவிப்ரியா என்ற பெண்ணின் மகன் இருக்கிறான். ஆயிரத்து நூறு கிராம். புதிய பொடி வந்து மேசையில் இருக்கிறது. மறுபடி தொடங்குவதா வேண்டாமா என்று நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும். காலையில் அந்தப் பெண் என்னை நிறுத்தி, "அந்த சிஸ்டர் இல்லியே சார், இனிமே யாரு வைப்பாங்க?" என்று கேட்டாள். பார்க்கலாம்மா என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். இருபது வருடமாக நான் இப்படித்தான் நகர்ந்திருக்கிறேன்.

அன்பர்களே, இந்த இடத்தில் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். பொடியைத் தொடர்வேன் என்று சொல்ல முடியவில்லை. நிறுத்துவேன் என்றும் சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். நாளைக் காலை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு, உம்மே ஹானி சிஸ்டரின் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தேவிப்ரியாவின் எதிரில் உட்காருவேன். இதில் இருக்கும் நல்லது இது, ஆபத்து இது, எனக்குத் தெரியாதது இவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்வேன். அந்தப் பெண் எவ்வளவு நேரம் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். வேண்டாம் என்றால் பொடி டப்பாவிலேயே இருக்கட்டும். சரி என்றால், யார் வைப்பது என்ற அவள் கேள்விக்கு அப்போது பதில் சொல்வேன்.

"நீதாம்மா வைக்கப்போற. வா, கை கழுவலாம்."