மனிதக் கை படாத உப்பு

உச்சி வெயிலில் உப்பளத்தைப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் எல்லாம் வெளுத்துப்போய், நடுவில் நிற்கிற ஆள் கரிக்கட்டையாக விழுவார். இது தெரியாமல் மரக்காணத்தில் ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு திரிகிறார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் எழுதித் தரச் சொன்னது அர்ச்சுனனைப் பற்றி என்பது எனக்குத் தெரியும். அவன் எப்படிச் செத்தான், அதில் என் பங்கு என்ன என்பதை மறைக்காமல் எழுதித் தருகிறேன். வெளியே பெஞ்சில் அவன் மனைவி சங்கீதா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு டீ சொல்லுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

என் பெயர் புருஷோத்தமன். ஈசிஆர் ஓரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் வட்டத்துக்குள் அவர் முகம் இருக்கும், அதற்குப் பின்னால் அகலமாக ஒரு படம் விரிந்திருக்கும். அந்த அகலப் படம்தான் என் சோறு. அதை கவர் போட்டோ என்பார்கள். கூனிமேட்டு பிரியாணிக் கடைக்காரருக்கு அண்டாவிலிருந்து புகை எழும்புகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறேன். கீழ்புத்துப்பட்டு மேஸ்திரி ஒருவருக்கு, அவர் கட்டாத பங்களாவை அவருக்குப் பின்னால் நிறுத்தினேன். இப்போது அவருக்குக் கை நிறைய வேலை. ஆளை அழகாக்குவது என் வேலையில் சேராது. பிறந்த மூஞ்சியை நான் என்ன செய்ய முடியும். பின்னால் இருப்பதை ஒழுங்கு செய்தால் முன்னால் நிற்பவருக்குத் தானாக மரியாதை வந்துவிடும்.

சிவஞானம் அண்ணனுக்கு உப்பளம் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். மூட்டை மூட்டையாக யாருக்கோ விற்றுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று சொந்தப் பெயரில் பாக்கெட் போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்கு முதலில் ஒரு பேஜ் வேண்டும், பேஜுக்கு ஒரு கவர் போட்டோ வேண்டும் என்று என்னிடம் வந்தார். பாத்தியோரம் அவரை நிறுத்தி, சாய்ந்த வெயிலில் எடுத்தேன். நல்ல படம். கடையில் பெரிய திரையில் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்பா புருஷு, எனக்குப் பின்னாடி ஒருத்தன் குனிஞ்சி நிக்கிறானே, யாரு அவன்?"

"உங்க அர்ச்சுனன்தாண்ணே. உப்பு வார்றான்."

"அவனா? நேர்ல இவ்ளோ பெருசா தெரிய மாட்டானே. எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அர்ச்சுனனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அதனால் கொஞ்சம் கவனம் எடுத்தே அழித்தேன். நிழலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அவன் இருந்த இடத்தில் பக்கத்துப் பாத்தியின் வெள்ளையை எடுத்து நிரப்பினேன். ஆனால் அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. காலியாக விட்டால், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று வாடிக்கையாளர் நினைப்பார். அதனால் அங்கே ஒரு வாசகம் வைத்தேன்: மனிதக் கை படாத உப்பு.

அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "அப்போ யாரு கைதான் படுது?" என்று கேட்டார்.

"யாரு கையும் இல்லண்ணே. சூரியன், கடல், அப்புறம் நீங்க."

"அதுவும் சரிதான்" என்றார்.

அந்த வாசகம் எங்களை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. வானூரில் ஒரு டீச்சரம்மா இனிமேல் இந்த உப்புதான் என்று எழுதினார். மூட்டை தூக்கிப் பழகியவர்களே படத்தைப் பகிர்ந்தார்கள். அண்ணனும் மெல்ல மெல்ல அதை நம்பிவிட்டார். பாத்திக்குள் அர்ச்சுனன் இறங்குவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெங்களூரில் ஒரு பாக்கெட் கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொள்ள விரும்பியது. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. இடம் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

நியாயமான நிபந்தனை. பொய் சொல்கிற படத்தை நானும் விரும்புவதில்லை. படத்தை மாற்றினால் பிராண்ட் போய்விடும். ஆகவே இடத்தை மாற்றினோம். படத்தில் இல்லாத கரண்ட் கம்பத்தைத் தென்னை ஓலையால் மூடினோம். படத்தில் இல்லாத நாயை டெம்போவில் ஏற்றித் திண்டிவனத்தில் விட்டு வந்தோம். மிச்சம் இருந்தது அர்ச்சுனன்.

அவனிடம் நானே பேசினேன். இடம் பார்க்க ஆட்கள் வரும்போது தள்ளிப் போய் இருடா என்றேன். அவன் கோபப்படுகிற ஆள் இல்லை, சிரித்தான்.

"நான் தள்ளிப் போனா உப்ப யாருடா வார்றது? தண்ணி வுட்டாச்சின்னா அது பாட்டுக்கு வெளஞ்சிக்கினே இருக்குது. அண்ணன் வந்து வாரப் போறாரா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் யோசித்தேன். கவர் போட்டோவில் யார் கண்ணுக்கும் படாத இடம் ஒன்று உண்டு. முகம் இருக்கிற வட்டம், டிபி என்பார்கள், அது வந்து உட்காருகிற இடம். அங்கே யானையை நிறுத்தினாலும் தெரியாது. உப்பளத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தால் அர்ச்சுனன் அங்கே நிம்மதியாக வேலை பார்க்கலாம் அல்லவா? அண்ணன் முகத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வட்ட ஃப்ளெக்ஸாக அடித்தேன். படத்தை வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து அளந்து, வட்டம் விழும் இடத்தில் அதை நட்டேன். அர்ச்சுனன் அதற்குப் பின்னால் நின்று வாரினான். அவனுக்கு நிழலும் கிடைத்தது. அந்த நன்மையை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு சிக்கல்கள் வந்தன. கம்ப்யூட்டரில் ஓரமாக விழும் வட்டம் சில போன்களில் நடுவுக்கு வந்துவிடும். வருகிறவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேலும் உப்பு ஒரே இடத்தில் விளைவதில்லை. எனவே போர்டு நகர வேண்டியிருந்தது. இரும்பு பிரேம் போட்டு, பின்பக்கம் கைப்பிடி வைத்துக் கொடுத்தேன். ஒரு கையில் போர்டு, மறு கையில் வாருபலகை என்று அர்ச்சுனன் பழகிக்கொண்டான். ரோட்டிலிருந்து பார்த்தால் சிவஞானம் அண்ணனின் முகம் உப்பளத்தில் மெதுவாக உலாவுவது தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ எலெக்‌ஷன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது.

சங்கீதாவுக்குப் பிடிக்கவில்லை. கடைக்கு வந்து, "மூஞ்சி காட்டி வேலை செய்யக் கூடாதா அண்ணே? அவரு என்னா திருடனா?" என்று கேட்டாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிராண்டிங் என்றால் என்ன என்று உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

கடைசி நாளுக்கு வருகிறேன். பெங்களூர்க்காரர்கள் அன்று ஃபேஸ்புக் லைவ் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அண்ணன் ரோட்டோரம் நின்று போனைப் பார்த்துப் பேச வேண்டும், பின்னால் உப்பளம் தெரிய வேண்டும். போன் ஸ்டாண்டில் இருந்தது, நான் இன்னொரு போனில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டேன். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும், பெங்களூர்க்காரர்கள் அந்த நேரத்தைத்தான் குறித்தார்கள். காற்றைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்.

"புருஷு, இன்னைக்கு வேணாண்டா. போர்டு என்னையும் சேத்து இழுத்துக்கினு போவுது. கை நிக்கல" என்றான் அர்ச்சுனன்.

"கொஞ்ச நேரம்தாண்டா. கையக் குடு" என்றேன்.

குடுத்தான். இடது மணிக்கட்டைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டினேன். உறுத்தாமல் இருக்க அடியில் துணி வைத்தேன். கையை அவனாகத்தான் நீட்டினான், அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

லைவ் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் சூரியனைப் பற்றிச் சொல்லி முடித்துக் கடலுக்கு வந்திருந்தார். அப்போது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. போர்டு பின்பக்கமாகப் பாத்திக்குள் சாய்ந்தது. அர்ச்சுனன் அதற்கு அடியில். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான், அதில் குழந்தைகள்கூட விளையாடும். அண்ணன் போனில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்பவில்லை. அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

"புருஷு, கம்பிய அவுருடா" என்று சத்தம் வந்தது. அது லைவிலும் லேசாக விழுந்தது. நான் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நாதஸ்வரத்தை ஓடவிட்டேன். பிறகு வரப்போரமாகக் குனிந்தபடியே பாத்திக்குப் போனேன்.

போர்டைத் தூக்குவதா என்பதுதான் அங்கே கேள்வி. தூக்கினால் அவன் எழுந்திருப்பான். எழுந்தால் மனிதக் கை படாத உப்புக்கு நடுவில், பெங்களூர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதன் நிற்பான். நான் என்ன, அண்ணன் என்ன, அவன் குடும்பம் உட்பட எல்லோருடைய பிழைப்பும் அத்தோடு போச்சு. தூக்காவிட்டால், வெள்ளைப் பாத்தியில் ஒரு கறுப்பு பிரேம் கோணலாகக் கிடக்கிறது, அதுவும் அசிங்கம். அவன் பலகை பக்கத்தில் கிடந்தது. குனிந்தபடியே, ரோட்டுப் பக்கம் தெரியாமல், வரப்பில் இருந்த உப்பை இழுத்து மேலே போட்டேன். குவியல் இல்லாத உப்பளம் உண்டா? பழக்கம் இல்லாத எனக்கே அது கூம்பாக, நன்றாக வந்தது. நடுவில் ஒருமுறை, "அர்ச்சுனா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. அவன் பொறுமையாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பெங்களூர்க்காரர்கள் உடனே சரி சொல்லிவிட்டார்கள். அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். டீக்கடைக்கு இழுத்துப் போனார். திரும்பி வந்தபோது குவியலின் மேல் அந்தி வெளிச்சம் விழுந்திருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அர்ச்சுனனுக்குப் பதிலாகக் கூலிக்கு வந்தவர்கள், ஏற்கெனவே குவியல் இருக்கிறதே என்று அதன்மேலேயே வாரிக் கொட்டிப் பெரிதாக்கிவிட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

சங்கீதா முதலில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள், பிறகு என் கடைக்கு வந்தாள். ஊரில் காணாமல் போனவருக்கு நோட்டீஸ் போட நான்தான் இருக்கிறேன். அவளிடம் இருந்தது ஒரே படம், பாத்தியில் பலகையோடு அவன் சிரித்துக்கொண்டு நிற்பது.

"பின்னாடி இருக்குறத மாத்திடாதீங்க அண்ணே. இந்த எடத்துல வேலை செய்றவருன்னு தெரிஞ்சாத்தான் யாருனா சொல்லுவாங்க" என்றாள்.

மாற்றத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பின்னணியைப் பார்த்தால் எல்லோரும் அந்தப் பாத்தியைப் போய்ப் பார்ப்பார்கள். உப்பளத்தை எடுத்துவிட்டுப் பச்சை மலையும் மேகமும் வைத்தேன். அவனுக்கு அது பொருந்தியது, கொடுத்துவைத்தவன் மாதிரி இருந்தான். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் இவரை ஊட்டியில் பார்த்தேன் என்று போன் செய்ய, சங்கீதாவின் தம்பி சதீஷ் ஊட்டிக்குப் போய்த் தெருத் தெருவாக விசாரித்தான். குளிரில் காய்ச்சலோடு திரும்பி வந்தான். சங்கீதாவும் கடைக்கு வந்து, "மலையில இருக்காருன்னா போர்வைகூட எடுத்துக்கினு போவலியே அண்ணே" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை.

பெங்களூருக்கு முதல் லோடு அந்தக் குவியலிலிருந்துதான் ஏற்றினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்ட போர்டைப் புரட்டியபோது முதலில் தெரிந்தது அவன் கை. கம்பி அப்படியே இருந்ததாம். எங்கள் வாசகத்துக்கு அது முரணானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கம்பெனிக்கு மன்னிப்பு கேட்டு ஒரு போஸ்டும் தயார் செய்து வைத்திருந்தேன், அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

டாக்டர் நுரையீரலில் உப்புத்தண்ணீர் இருந்தது என்று எழுதியிருக்கிறாராம். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். என்னைக் கொலைகாரன் என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், உங்கள் தொழில் அது. என் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னால் இருப்பதைத்தான் மாற்றுவேன், ஆளைத் தொட மாட்டேன். அர்ச்சுனன் விஷயத்திலும் கடைசிவரை அப்படித்தான் நடந்துகொண்டேன். போர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு உதைத்தபடி இருந்த அவன் காலை உள்ளே தள்ளி, அது அடங்கும்வரை மிதித்துக்கொண்டு நின்றது ஒன்றுதான், அதுவும் லைவ் ஓடிக்கொண்டிருந்ததால்.