எலியாவுக்க கல்லு

அம்மியும் இல்ல, ஆட்டுக்கல்லும் இல்ல, ராஜையா மேஸ்திரி. கல்லறையில நாட்டுத கல்லாக்கும். ஆருக்கா? எலியாவுக்கு. எனக்க தங்கச்சி குஞ்சம்மாளுக்க மாப்பிள. ஆமா, அந்தக் கப்பல்காரன்தான். நம்ம ஊரத் தமிழ்நாட்டுல சேக்கணும்னு ஊர்வலம் போனப்ப போலீசுக்க வெடிபட்டுச் செத்தானே, அவன். ரெண்டு வருஷம் கழிஞ்சு இப்பவா கல்லுன்னு கேப்பீரு. கேளும் ஓய், அவனுக்க கதையக் கேட்டா உளியக் கீழ போட்டுட்டுச் சிரிப்பீரு.

கப்பல்ல கரி அள்ளிப்போடப் போனவனாக்கும். எங்கயோ கரீபியன் கடல்னு சொல்லுவான், அங்க ஒரு தீவுல மெஷினு கேடாயி பதினோரு மாசம் கிடந்தான். தீவுன்னா என்ன தீவு? பூகோளப் படத்துல தொட்டுக் காட்டினான். ஈ கழிச்சு வச்சமாதிரி ஒரு புள்ளி. நம்ம வெள்ளறடையில பாதி வராது. அந்தப் புள்ளிக்கு உள்ள பவுசக் கேக்கணுமே!

அங்க உள்ளவனெல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து பண்டு அடிமையாப் பிடிச்சிட்டு வந்தவனுக்க பேரப்பிள்ளைய. ஊரும் போச்சு, பேச்சும் போச்சு. ஆனா கொட்டு அடிச்சா, இது எனக்க கூட்டத்துக்க அடி, அது ஒனக்க கூட்டத்துக்க அடின்னு தனித்தனியா எறங்கி ஆடுவானுவளாம். எத்தற தலமொற கழிஞ்சு! கோட்டி பிடிச்சவனுவ. இங்க நாடு பிரிச்சு நம்ம ஊரக் கேரளத்துல சேத்து ரெண்டு மாசம் ஆகல்ல, நம்ம பொன்னப்பன் சாயாக்கடையில போர்ட மலையாளத்துல மாத்தியாச்சு. தமிழ்ல சாயா கேட்டா அவனுக்குக் காது கேக்க மாட்டேங்கு.

பின்ன ஒரு திருநாளு உண்டு. ஆம்பிளைய மூஞ்சிய மூடி, கலர் துணி உடுத்தி, நடுரோட்டுல நின்னு இங்கிலீஷ் பாட்டு மனப்பாடம் சொல்லணும். ஒரு வரி தப்பினா எதிராளி சாட்டையால சாத்துவான். எலே, இது திருநாளா பள்ளிக்கூடமான்னு கேட்டேன். நான் மூணாங்கிளாசுல இருந்து சாடி ஓடினதே இதுக்குப் பயந்துதான்.

சிரிக்கண்டாம் ஓய், பெரிய கூத்து இனிதான். அங்க ஒருத்தன் செத்தா கல்லு ஒடன வைக்கமாட்டானுவ. வருஷக்கணக்குல ஆவும். அதுவரைக்கும் செத்தவனுக்கு இருப்புக் கொள்ளாதாம். சொந்தக்காரனுக்க சொப்பனத்துல வந்து, எனக்க கல்லு எங்கன்னு கேப்பானாம். பின்ன கல்லக் கொண்டுவந்து, கலியாணப் பொண்ணு கணக்கா துணி மூடிக் கிடத்தி, ஆடறுத்துச் சோறு பொங்கி, செத்தவனுக்குன்னு மேசையில ஒரு தட்டு தனியா வச்சு, கல்லுக்குத் தண்ணியும் தெளிச்சு. கல்லுக்கு ஓய்! தின்னு முடிச்சா அது ஏப்பமும் விடுமோன்னு கேட்டேன். குஞ்சம்மாகூடச் சிரிச்சா. அவன் மட்டும் சிரிக்கல்ல.

சொப்பனமா? எனக்கா? போவும் அங்க. மூணு தடவ வந்தான், அவ்வளவுதான். வீட்டு முத்தத்துல வந்து நிப்பான், ஒண்ணும் கேக்கமாட்டான். சவம், வாயத் தொறந்து கல்லு எங்கன்னு கேட்டாலாவது நாலு ஏச்சு ஏசலாம்.

பேரு தமிழ்லதான் வெட்டணும். என்னத்துக்கு முழிக்கீரு? போலீசுகாரன் கல்லறைக்கு வந்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் போறானா?

இல்ல, குஞ்சம்மா சொல்லி விடல்ல. அவ எனக்ககூடப் பேசுததில்ல. ரெண்டு வருஷமா வழியில கண்டா முக்காட்ட இழுத்துக்கிட்டுப் போவா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. அன்னைக்கு முன்னால கொடி பிடிக்க என்னையாக்கும் நிறுத்தியிருந்தாவ. முக்குல போலீசு தோக்குல குண்டு போட்டு நிக்குன்னு கேட்டதும் கொடியத் தள்ளிவிட ஒரு ஆளத் தேடினேன். இவன் சும்மா வேடிக்க பாக்க வந்தவன். நான்தான் விளிச்சுச் சொன்னேன், எலே தீவுக்காரா, இது எங்க கொடி, இதப் பிடிக்க ஒனக்குக் கை வருமான்னு. நின்னவனெல்லாம் சிரிச்சான். அவன் எனக்க கையில இருந்து வாங்கிட்டு நேரே முன்னால போயிட்டான்.

அளவு எத்தறன்னு சொன்னீரு, மூணடியா? ரெண்டரை போதும் ஓய். அவன் குள்ளனாக்கும்.