கண்ணாடித் துண்டில் எழுதிய தேதி

பழைய வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் குழாயைத்தான் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் வந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள், சன்னல் கதவை ஒரு தடவை ஆட்டுவார்கள், காற்று நன்றாக வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சுவரின் காலடியைக் குனிந்து பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் குனிந்து பார்த்தவன். நீங்கள் இப்போது வேலை பார்க்கும் அதே நகராட்சி அலுவலகத்தில், அதே கட்டட ஆய்வாளர் நாற்காலியில். அதன் பின்னங்கால் ஒன்று இன்னும் ஆடுகிறதா? ஊர்க் கட்டடங்களையெல்லாம் நிமிர்த்திவிட்டதாகப் பீற்றிக்கொள்கிற நான் அந்தக் காலுக்கு ஓர் ஆணி அடிக்கவில்லை. உட்காருங்கள் அம்மா, டீ ஆறுகிறது.

உங்கள் மடியில் இருக்கும் அறிக்கையைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். பழைய பழக்கம். 'இடிந்த காரணம்: கட்டடத்தின் பழமை, தொடர் மழை.' கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. காரணம்தான் தப்பு. வாழ்நாள் முழுக்கக் காரணம் எழுதியே சம்பளம் வாங்கியவனுக்கு, தப்பான காரணம் ஒன்று கோப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இடிபாட்டை அளந்துகொண்டிருந்த உங்களைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பெயர் இருந்தது, நான் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் கண்டக்டர், அவருக்கு நான் அண்ணன். அவர் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, இருபத்தோரு வருடமாக, தினமும் சாயங்காலம் இங்கே வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்காருவார். நான் கதை சொல்வேன்.

என் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஒன்று சாயும்போது நான் ஒற்றை ஆளாகத் தோள்கொடுத்து நிறுத்திய கதை ஒன்று இருக்கிறது. முதலில் சொன்னபோது அது ஐயாயிரம் லிட்டர் தொட்டி. போன வருடம் ஒரு லட்சம் லிட்டர் ஆகிவிட்டது. தோள் மட்டும் அதே தோள். கண்டக்டர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. டிக்கெட் கேட்காமல் என் பொய்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர். என் மனைவி மகன் வீட்டில் இருக்கிறாள். போனில் நான், ஒரு நாள் என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தால் உடனே அவளுக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும். தினம் பொங்குகிறது. அந்த வீட்டில் மாட்டுப்பண்ணையே இருக்க வேண்டும்.

ஆக, உலகத்தில் எனக்கு மிச்சமிருந்தது இரண்டு காதுகள். அவை சந்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அவள் தூரத்து ஊரில் தனியாகத் திண்டாடினாள். கண்டக்டர் பெட்டி கட்டிவிட்டார். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. விலைக்கு வாங்கிக் குடியிருக்க ஒருவர் வந்தால்தான் கிளம்புவேன் என்று பிடிவாதம். அப்போது என்னிடம் வந்து சொன்னார்:

"அண்ணே, வர்றவங்களுக்கு வீட்டை நீங்களே சுத்திக் காட்டிடுங்க. எனக்குப் பேசத் தெரியாது. உங்க வாயால சொன்னா ஒரே மாசத்துல முடிஞ்சிடும்."

சாவியையும் கொடுத்துவிட்டார்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். அவருக்குத் தெருவைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தெருவில் மொத்தம் மூன்று நாய்கள். நான் முப்பது என்றேன். எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் அம்மா மதியத்தில் ஒரு மணி நேரம் சாதகம் செய்வார். நான் அதைப் பொழுது விடிவதிலிருந்து பொழுது சாய்வது வரை நீட்டினேன். டாக்டர் அன்றைக்கே வேறு தெரு பார்த்துக்கொண்டார். அடுத்து வந்த புதுமணத் தம்பதிக்குப் பாம்பு போதுமானதாக இருந்தது. அதிலும் ஒரு பாம்பைத்தான் சொன்னேன். நீளத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தேன்.

மூன்றாவது ஆள் கெட்டிக்காரர், ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார். கொத்தனாரிடம் நாய்க்கதை எடுபடாது. கையால் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். நானும் தொழில்காரன்தானே.

பின்பக்க அறைச் சுவர் மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர். அந்தக் காலக் கட்டு. உலர்ந்திருக்கும்வரை யானை முட்டினாலும் நிற்கும். அதற்கும் என் மதிலுக்கும் நடுவில் முழ அகலச் சந்து, யாரும் போவதில்லை. கண்டக்டர் காலையில் நடக்கப் போகும் அரை மணி நேரத்தில் என் தோட்டத்து ஓஸ் பைப்பை மதில் மேலாகத் தள்ளி, சுவரின் காலடியில் விட்டுவைத்தேன். பத்தே நாளில் உள்பக்கம் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிவிட்டது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஊற்று ஓடுகிறது என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் சுவரை முகர்ந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றார். கண்டக்டரும் நம்பினார். வீட்டுக்கடியில் ஊற்று இருப்பது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை.

உங்களுக்குத் தெரியும், விரிசல் விட்ட சுவரில் குறுக்காக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதில் தேதி எழுதி வைப்போம். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். அசைந்தால் உடையும். நான் திருப்புளியால் நாலு விரிசல் கீறினேன். புதுசாகத் தெரியாமல் இருக்க டீத்தண்ணீர் பூசினேன். முதலிலேயே உடைத்த கண்ணாடிகளை அவற்றின் மேல் ஒட்டி, வருடவாரியாகத் தேதி போட்டேன். பார்க்கிறவர்களுக்குச் சுவர் பத்து வருடமாக நகர்ந்து நகர்ந்து சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். கண்டக்டர் கேட்டதற்கு, வருகிறவர்களிடம் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது, எல்லாம் மேல்பூச்சு விரிசல்தான், பயமில்லை என்றேன். என் நேர்மையை அவர் மகளிடம் போனில் புகழ்ந்தார்.

நகம் கிழித்த அளவுக்கு நிஜமாகவே ஒரு விரிசல் மூலையில் இருந்தது. அதன் மேல் மட்டும் ஒரு முழுக் கண்ணாடியை ஒட்டி, உண்மையான தேதி எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு இடத்திலாவது வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

காலைத் தண்ணீரை ஒரு நாளும் நிறுத்தாமல், இரண்டு வருடத்தில் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். பேரப்பிள்ளைகள் குப்புற விழுந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் அவர் போன் திரையில்தான் பார்த்தார். அதில் ஒன்று போனையே தாத்தா என்று நினைத்து அதற்குச் சோறு ஊட்டியதாம். சொல்லிச் சிரித்தார், சிரித்து முடித்தபின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டிய பெட்டி கட்டியபடியே கட்டிலடியில் இருந்தது. தினமும் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்து மறுபடி அதிலேயே வைப்பார். நான் அந்த வாரத்தில் தொட்டியை ஒன்றரை லட்சம் லிட்டராக்கினேன். என்னால் முடிந்த ஆறுதல்.

பத்தாவதாக வந்தவள் ஒரு நர்ஸ், கூடவே அவள் அம்மா. நாய் முப்பது என்றேன். எங்களிடமும் ஒன்று இருக்கிறது, முப்பத்தொன்றாகட்டும் என்றாள். ஓதத்தைக் காட்டினேன். கண்ணாடிகளைக் காட்டினேன். அவள் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நாங்க இப்ப இருக்கிற இடத்தைப் பாத்தீங்கன்னா இதை அரமணைன்னு சொல்வீங்க சார். செவுத்தை இடிச்சுக் கட்டிக்கிட்டாப் போச்சு."

திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமைக்குக் கண்டக்டர் ரயில் டிக்கெட் எடுத்தார். ஆயுளெல்லாம் டிக்கெட் கிழித்த மனிதர், அந்த ஒரு டிக்கெட்டை நாளுக்கு ஏழு தடவை எடுத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் அந்த மூலைக் கண்ணாடி உடைந்திருந்தது. நான் உடைக்காத கண்ணாடி.

தூக்குக்குண்டு கொண்டுவந்து விட்டுப் பார்த்தேன். சுவர் இரண்டு விரல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சந்துப் பக்கம் குனிந்து பார்த்தேன். காலடியில் மண்சாந்து கரைந்து, செங்கல்கள் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தன. பணியில் இருந்திருந்தால் அந்த நிமிடமே ஆளை வெளியேற்றி, கதவில் நோட்டீஸ் ஒட்டியிருப்பேன். அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

நான் அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே மகளிடம் கிளம்பியிருப்பார். செவ்வாய் வரைக்கும் எனக்கு ஐந்து சாயங்காலம் பாக்கி இருந்தது. அதோடு, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். எல்லாவற்றையும் யோசித்து, புதுக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து பழைய தேதியையே எழுதி ஒட்டினேன். அப்போது கண்டக்டர் பின்னால் வந்து நின்றார்.

"என்னண்ணே, அது உடைஞ்சிருந்துச்சே. ராத்திரியே பாத்தேன். பயப்படணுமா?"

"பல்லி விழுந்திருக்கும்."

"பல்லி விழுந்து கண்ணாடி உடையுமா?"

"கொழுத்த பல்லி."

அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு என் தோளைத் தட்டினார். இந்தத் தோளைத்தான்.

"தொட்டி எத்தனை லிட்டருன்னு எனக்குத் தெரியும்ணே. கதையில நீங்க எவ்வளவு வேணா விடுங்க. செவுத்து விஷயத்துல விடமாட்டீங்க. அது போதும் எனக்கு."

கட்டிலை அவர் நகர்த்தவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே சொல்கிறேன். அன்று மாலையிலிருந்து குழாயை மூடவில்லை. ஓதம் கூரை வரைக்கும் ஏறினால் நர்ஸாவது பின்வாங்குவாள் என்று ஒரு நப்பாசை. மழையும் பெய்தது உண்மைதான். ஆனால் உங்கள் மழை அந்தச் சந்துக்குள் இறங்கவே இல்லை, கூரைச் சரிவு எதிர்ப்பக்கம். போய்ப் பார்த்தால் தெரியும். என் மதிப்பீட்டில் சுவர் இன்னும் மூன்று வாரம் நிற்க வேண்டியது. முப்பத்து நான்கு வருடத்தில் என் மதிப்பீடு தவறியது இந்த ஒரு தடவைதான் என்று சொல்லலாம். அதுவும் பொய், நாலைந்து தடவை தவறியிருக்கிறது. ஆனால் அவற்றில் உள்ளே ஆள் இல்லை.

ஞாயிறு மதியம் மூன்றேகால். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். பெரிய சத்தம் என்றுதான் நான் கதை சொல்லியிருப்பேன். உண்மையில் மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் முதலில் குழாயை மூடினேன். ஓஸ் பைப்பைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் தெருவுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன். சுருட்ட நாலு நிமிடம் ஆகியிருக்கும். டாக்டர் வந்தபோது மூச்சு நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்றார். எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை.

இதோ, தேதி எழுதிய கண்ணாடி. இடிபாட்டிலிருந்து பொறுக்கி வைத்தேன். எழுத்து யாருடையது என்று உங்கள் அலுவலகப் பழைய கோப்புகளே சொல்லும். ஆகவே இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: காரணம், பழமை அல்ல, மழை அல்ல. இரண்டு வருடமாகக் காலடியில் விட்ட தண்ணீர். விட்டவன் நான். சுவர் சாய்ந்தது தெரிந்தும், கேட்டவரிடம் இல்லை என்று சொன்னவனும் நான். அந்தச் சுவர்மேல் பழி போடாதீர்கள், அது நல்ல சுவர்.

அவர் மகள் இரண்டு குழந்தைகளோடு வந்து அந்த வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறாள். நேற்று இங்கே வந்து உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் பெரியப்பா என்றாள். மூன்று மணி நேரம் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. மிச்ச வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குப் போகலாமா என்று கேட்டாள். அவசரப்படாதே, முன்பக்கம் இரண்டு அறையும் கல் மாதிரி இருக்கிறது, பிள்ளைகளை இங்கேயே வைத்து வளர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தகப்பனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரியவர் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.