தின்னர் ஷெட்டு விளக்குகள்

பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். மதியம் பன்னிரண்டே முக்கால். ஞாயிற்றுக்கிழமை. போன வருஷம், 2006 மே மாதம்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தைத் தாண்டி, உப்பாற்றை ஒட்டிப் போகும் ரோடு. மீன்பிடித் தடைக்காலம்... படகெல்லாம் கட்டிக் கிடந்தன. ஏலம் இல்லை, ஐஸ் வண்டி இல்லை, காக்காய்கூட இல்லை. தார் இளகி டயரில் ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும். சர்ர்... சர்ர்... அந்த வெயிலில் ஒரே ஒரு ஆள் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார்.

அவர் அப்துல் கஃபார். நம் நுஃமானின் பெரியம்மா வீட்டுக்காரர். நுஃமான் இதோ உட்கார்ந்திருக்கிறான், நான் ஒன்று கூட்டிச் சொன்னால் நிறுத்தட்டும். அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்துங்கள்... சரி.

கஃபாருக்கு அப்போது ஐம்பத்தொன்று. பெயிண்டில் கலக்கும் தின்னரை டிரம்மிலிருந்து டின்னில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன். தின்னர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஊற்றினால் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவி நிற்கிற இடத்தில் சாதாரண சுவிட்சைத் தட்டினால் போதும், ஷெட்டு போய்விடும். அதனால் அங்கே விளக்குகளே வேறு மாதிரி. கைக்கு அடங்காத கனமான உலோகக் கூடு, தடித்த கண்ணாடி, மேலே கம்பி வலை. மூடியைச் சுற்றி எட்டு போல்ட். அப்படி முப்பத்தாறு விளக்குகள்.

அந்த வேலையைக் கஃபாருக்குக் கற்றுக்கொடுத்தவர் கூட வேலை பார்த்த சாமிக்கண்ணு. கழுத்து வலிக்கு எப்போதும் நீலகிரித் தைலம் தடவிக்கொண்டிருப்பவர். முதல் நாளே சொல்லியிருந்தார்.

"உள்ள நெருப்பு புடிச்சாலும் உள்ளயே சாவணும் பாய். வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் இம்மாங்கனம். எட்டு போல்ட்டும் இறுக்கமா இருந்தா அது விளக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் அது வெடி."

உப்புக்காற்று உள்ளே போய் அரிக்கும். அதனால் மெயினை அணைத்துவிட்டு மூடிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் ஷெட்டு ஓடும், ஞாயிறுதான் முடியும். வாரத்துக்குப் பன்னிரண்டு விளக்கு. தொண்ணூற்றாறு போல்ட். ஏணியில் ஏறி, கழுத்தை அண்ணாந்து, பொறி பறக்காத மஞ்சள் ஸ்பேனரால் ஒவ்வொன்றாக...

இரண்டு பேர் செய்த வேலை. பிப்ரவரியில் சாமிக்கண்ணு போய்விட்டார். விபத்தெல்லாம் இல்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போன நல்ல சாவு என்றார்கள். கடைசி நாள் அவர் கை நடுங்கியதைப் பார்த்த கஃபாருக்கு அப்படித் தோன்றவில்லை.

"வேற ஆள் போடுங்க முசியே" என்று மேனேஜர் ஃபெர்னானிடம் கேட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம், ஐயாவுக்கு முசியே.

"அடுத்த மாசம்" என்றார் ஃபெர்னான். மார்ச்சிலும் அடுத்த மாசம். ஏப்ரலிலும் அடுத்த மாசம்.

வீட்டில் கரீமா சொன்னாள்: "என்னங்க, ஞாயித்துக்கிழமைன்னா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

அந்த மே மாத ஞாயிறு, ஏழு விளக்கு முடிந்தது. எட்டாவதில் நாலு போல்ட்டைப் போட்டார்... கை மேலே போகவில்லை. தோள்பட்டையில் யாரோ சாக்கு மூட்டையை ஏற்றிவிட்ட மாதிரி. மீதி நாலு போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று டிரம் ஓரம் காலி அட்டைகள் மேல் சாய்ந்தார்.

கண் விழித்தபோது மணி நாலு.

பதறி எழுந்து சட்டைப்பையைத் தடவினார். காலி.

மேலே பார்த்தார். எட்டாவது விளக்கில் எட்டு போல்ட். ஒன்பது, பத்து, பதினொன்று... எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஏணி பன்னிரண்டாவது விளக்கின் கீழே நின்றது. தின்னர் வாடைக்கு நடுவே நீலகிரித் தைல வாசனை... லேசாக.

கேட்டில் வாட்ச்மேன் ராஜாங்கம் இருந்தார்.

"உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு பாய் வருவா இந்த வெயில்ல? நீங்க மட்டும்தான்."

தானே தூக்கக் கலக்கத்தில் செய்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ள முடிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஆறு விளக்கோடு நிறுத்தினார். படுத்தார். எழுந்தபோது பன்னிரண்டும் முடிந்திருந்தன. அதற்கடுத்த ஞாயிறு மூன்று. ஜூன் கடைசியில் அவர் மெயினை அணைத்து, எல்லா மூடியிலும் நாலு நாலு போல்ட்டைக் கழற்றிவிட்டு, நேராக அட்டைக்குப் போனார். பயம் இல்லையா என்றால்... இருந்தது. ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. யார் செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை. கண்ணைத் திறந்து பார்க்காமல் இருந்தார். திங்கட்கிழமை அந்த விளக்குகளுக்குக் கீழே முப்பது பேர் நின்று டின் அடைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்குத் தெம்பாகப் போனார். கரீமாவும் சிரித்தாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. தூக்கம் பாதியில் கலைந்தது. க்ரிக்... க்ரிக்... போல்ட் முடுக்கும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி... க்ரிக்...

கஃபார் கண்ணைத் திறந்தார்.

ஏணி மேல் காக்கிச் சட்டை. முதுகுதான் தெரிந்தது. வெறுங்கால். குதிகால் இரண்டும் வெளுத்துச் சுருங்கி, வெகுநேரம் தண்ணீரில் நின்றது போல. தூக்கிய கை நடுநடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பாமலே அந்தக் குரல் கேட்டது.

"பாய்... எழுந்துட்டீங்களா? செத்த ஏணியப் புடிங்களேன். ஆடுது."

ஓடியிருக்கலாம். ஷட்டர் திறந்துதான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷம் கூட வேலை பார்த்த மனிதர் ஏணியைப் பிடிக்கச் சொன்னால்... கால் தானாகப் போனது. கஃபார் ஏணியைப் பிடித்தார். வெயிலில் கொதிக்கும் ஷெட்டில் அது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. மேலே ஆள் நிற்கிற பாரமே இல்லை. நடுக்கம் மட்டும் இறங்கி வந்தது.

"தூங்கலாம்னுதான் படுத்தேன் பாய்" என்றார் சாமிக்கண்ணு. "விட மாட்டேங்குது. ஒரு போல்ட்டு லூசா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுபோவுது. எழுந்து வந்துடறேன். நீங்க வாராவாரம் நாலு நாலா வுட்டுட்டுப் படுத்துக்கறீங்க..."

குறை சொல்லும் குரல் இல்லை. அதுதான் கஃபாரை அறுத்தது. வெறும் அசதி. செத்தும் தீராத அசதி.

"என்னைய யாராச்சும் மாத்திவுட மாட்டாங்களா பாய்?"

ஷிப்ட் முடிகிற எந்த ஆளும் கேட்கிற கேள்வி. கஃபாருக்கு அழுகை வந்தது. வேறெதையும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"எறங்குங்கண்ணே. இனிமே நான் பாத்துக்கறேன்."

சாமிக்கண்ணு இறங்கினார். முகத்தைக் கஃபார் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். ஸ்பேனர் கஃபார் கைக்கு வந்தது. டிரம் வரிசைக்கு நடுவே வெறுங்கால் சத்தம் போயிற்று... சப்... சப்... ஷட்டர் வரை. அப்புறம் இல்லை.

அன்று கஃபார் பன்னிரண்டையும் தன் கையால் முடித்தார். மக்ரிப் பாங்கு சொல்லும்போதுதான் இறங்கினார். அதன் பிறகு ஒரு போல்ட்கூட விட்டதில்லை. தைல வாசனையும் வரவில்லை.

டிசம்பரில் ஒருவழியாகப் புது ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கஃபார் கணக்கு முடித்துக்கொண்டு, முதலியார்பேட்டையில் சின்னதாக ஃபேன் ரிப்பேர் கடை போட்டார். ஞாயிறு கடை கிடையாது. சாப்பிட்டதும் படுப்பார். புரளக்கூட மாட்டார், கட்டை மாதிரி தூங்குவார் என்று கரீமா சொல்வாள்.

ஆனால் எழுந்திருக்கும்போது படுத்ததைவிடக் களைப்பாக இருக்கும். கழுத்து வலிக்கும். தோள் வலிக்கும். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

இந்த வருஷம் மார்ச்சில், ஒரு திங்கட்கிழமை. வாட்ச்மேன் ராஜாங்கம் ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கரீமா சாப்பாடு கொண்டுவந்து அங்கேதான் நின்றாள்.

"இன்னா பாய், எம்மேல கோவமா?" என்றார் ராஜாங்கம்.

"எனக்கென்ன கோவம்?"

"பின்ன? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வர்றீங்க, போறீங்க. கேட்டுல நின்னு கூப்புட்டாக்கூட திரும்ப மாட்டேங்கறீங்க. நேத்துகூட பாய் பாய்னு கத்தறேன்..."

கஃபார் கையிலிருந்த திருப்புளி நின்றது.

"அந்தப் பசங்களையும் சொல்லிக் குத்தமில்ல" என்றார் ராஜாங்கம். "முசியே அவங்களையும் ரெண்டு ஷிப்ட்டு போட்டு வாட்டறாரு. நாலு போல்ட்டு மாட்டிட்டுப் படுத்துடறானுங்க. நீங்க வந்து மாட்டலன்னா எங்க கதி என்னா? ஆனா காலுக்குச் செருப்பு போட்டுகினு வாங்க பாய். அந்த வெயில்ல..."

கரீமா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். நேற்று மதியம் முழுக்க, தூங்கிக்கொண்டிருந்த கஃபாரின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் அவரைத் தூங்க விடவில்லை. மூன்று தடவை டீ போட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு அவர் தலை சாய்ந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். "விடு கரீமா, எனக்கு நேரமாச்சு" என்றார். எதற்கு நேரம் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. நாலு மணிவரை விழித்தே இருந்தார். அன்று சாயங்காலம் அவருக்குக் கழுத்து வலி இல்லை. மாதக்கணக்கில் இல்லாத தெம்பு. இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தின்னர் ஷெட்டில் ஒரு விளக்குக்குள்ளே பொறி தட்டியது. மூடியில் நாலு போல்ட். நெருப்பு வெளியே வந்தது.

ஷெட்டு பிழைத்தது, மணலும் நுரையும் கொட்டி அணைத்துவிட்டார்கள். கீழே நின்று டின் அடைத்த சின்னப்பாப்பா பிழைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். கரீமா ஒன்பது நாளும் போய் வார்டு வாசலில் நின்றுவிட்டு வந்தாள். யார் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொன்னாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கம்பெனி இன்னும் ஓடுகிறது. விளக்குகளும் அதே விளக்குகள்தான். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கஃபாருக்கு ஐம்பத்திரண்டு என்றால் நம்ப மாட்டீர்கள், எழுபது சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு போட்டுவிட்டு, இப்போது கரீமாவே அவருக்குப் படுக்கை விரிக்கிறாள். அவர் வேண்டாம் என்றாலும் தலையைக் கோதிக் கோதித் தூங்க வைக்கிறாள்.

அவர் மூச்சு சீரானதும் எழுந்து போய்... தெருக்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கி வைக்கிறாள்.