திரைக்கு முன்னால் நடப்பவன்

இரவு பதினொன்றே கால். கிரிக்கெட் மைதானத்தின் பின்பக்கச் சாலை… ஆட்டம் முடிந்து கூட்டமெல்லாம் வடிந்துவிட்டது. ஒரு பக்கம் மைதானத்து மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். நண்பன் ஒருவனின் மாமா தனியாக நடந்து போகிறார். அவருக்குச் சற்று முன்னால், செருப்பு இழுபடும் சத்தம்.

சரக்… சரக்…

ஆள் இல்லை. சத்தம் மட்டும்தான். பேய் பின்னால் வந்தால் ஓடித் தப்பிக்கலாம். முன்னால் போனால் என்ன செய்வது? மாமாவும் ஓடத்தான் செய்தார்… அதை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள். எனக்கொன்றும் பயமில்லை, உங்களுக்காகத்தான்.

மாமாவுக்கு அந்த மைதானத்தில் சைட் ஸ்கிரீன் தள்ளுகிற வேலை. பந்து வீசுகிறவரின் கைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பெரிய திரை நிற்குமே, அதுதான். பேட்ஸ்மேனுக்குப் பந்து பளிச்சென்று தெரிவதற்காக வைப்பது. அவர் கை காட்டுகிற பக்கம் தள்ள வேண்டும். பந்து வீச ஓடிவரும்போது திரைக்கு முன்னால் ஈ காக்கை நடமாடக் கூடாது. யாராவது குறுக்கே போனால் பேட்ஸ்மேன் கையைத் தூக்கி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்.

மைதானம் லேசுப்பட்டதல்ல. ஒரு காலத்தில் வெறும் பொட்டல். கயிறு கட்டி, நாலு பலகை போட்டு ஆடினார்கள். பிறகு மரக் கேலரி. அதைக் கறையான் தின்று தீர்த்ததும் கான்கிரீட். அப்புறம் இரண்டாவது அடுக்கு, ஊருக்கே தெரிகிற நாலு விளக்குக் கோபுரங்கள், மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தரையைக் காயவைக்க அடியில் மணலும் குழாயும், கடைசியாக மூன்றாவது அடுக்கு. அறுபதாயிரம் பேர் உட்காரலாம். கழிப்பறைக்கு மட்டும் அந்த அறுபதாயிரம் பேருக்கும் ஒரே வரிசை! இத்தனை வந்தும் சைட் ஸ்கிரீனுக்கு ஒரு மோட்டார் வரவில்லை. இரண்டு ஆள் தோள் கொடுத்தால்தான் நகரும்.

அந்த மூன்றாவது அடுக்குக்குத் தூண் எழுப்பியபோது, வடக்கு முனையில் திரைக்குப் பின்னால் இருந்த சந்து அடைபட்டுப் போயிற்று. அதன் பிறகு, திரையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் வெளியே போக ஒரே வழிதான். திரைக்கு முன்னால் நடந்து போக வேண்டும்.

மாமாவோடு தள்ளுகிற இன்னொரு ஆள் அத்தையின் தம்பி. வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, அத்தையின் நச்சரிப்பு தாங்காமல், மாமாவே கூட்டிவந்து சேர்த்துவிட்டார். முழங்கால் வலி என்று எப்போதும் தைலம் தேய்த்திருப்பான், செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். "இந்த வயசுலயே கிழவன் வாசனை அடிக்குதுடா உன்கிட்ட" என்று மாமா அவனைக் கிண்டலடிப்பார்.

அன்றைக்குக் கொளுத்துகிற வெயில். உள்ளூர் பேட்ஸ்மேன் தொண்ணூற்றொன்பதில் நிற்கிறார். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது தம்பி மாமாவின் காதோடு சொன்னான்.

"மாமா… நெஞ்சை அடைக்குது. டாக்டர் ரூமுக்குப் போயிட்டு வந்துடறேன்."

எழுந்தான். மாமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருடா! இந்த ஒரு பந்து போகட்டும்."

ஒரு பந்து போயிற்று. ரன் இல்லை. வீசுகிறவர் வேகப்பந்துக்காரர், திரும்பித் தன் இடத்துக்கு நடந்து போகவே அவருக்கு நிறைய நேரமாகும். அதற்குள் ஒருவன் திரையைத் தாராளமாகக் கடந்து போய்விடலாம். மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்! ஆனால் அந்தச் சதத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. சட்டையைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை. அடுத்த பந்து… அதற்கடுத்தது… அப்புறம் ஒன்று எல்லைக் கோட்டுக்குப் பறந்தது. அறுபதாயிரம் பேரும் எழுந்து கத்தினார்கள். மாமாவும் துள்ளிக் குதித்தார். திரும்பிப் பார்த்தால், தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. உட்கார்ந்தபடியே போயிட்டான்."

அதில் பாதி உண்மை. மறைத்த மறுபாதிதான் மாமாவை ராப்பகலாக அரித்தது.

அடுத்த ஆட்டம். பந்து வீசுகிறவர் ஓடிவருகிறார்… பேட்ஸ்மேன் சட்டென்று விலகிக் கையைத் தூக்கினார். மாமாவின் வாக்கி-டாக்கி கரகரத்தது. பேசியது மேற்பார்வையாளர்.

"திரை முன்னாடி யாரோ நடக்கறாங்களாம். உட்காரச் சொல்லுய்யா!"

புதுக் கூட்டாளி மறு ஓரத்தில் அசையாமல் இருந்தான். வேறு யாருமே இல்லை. ஆனால் தைல வாசனை… பக்கத்திலேயே, சரளைக் கல்லின் மேல், சரக்… சரக்…

மாமா எப்படியோ வாய் திறந்து, "உட்காருடா" என்றார்.

சத்தம் நின்றது. பேட்ஸ்மேன் தலையாட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. கேமராவில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் கூசுகிறது என்றார் இன்ஜினியர். திரைக்கு வேறு வண்ணம் அடித்துப் பார்த்தார்கள். மாமா ஒரு வார்த்தை சொன்னால்தான் நிற்கும். "உன் வாய்க்கு ஏதோ ராசி இருக்குய்யா" என்று மேற்பார்வையாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாமாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. செத்தவனை மறுபடி மறுபடி உட்காரவைப்பது ஒரு பிழைப்பா?

அந்த ராத்திரிக்கு வருவோம். பகலிரவு ஆட்டம். வெள்ளைப் பந்து என்பதால் திரையைக் கறுப்பாக்கியிருந்தார்கள். கடைசி ஓவர். பேட்ஸ்மேனின் கை உயர்ந்தது.

"சொல்லுய்யா! உட்காரச் சொல்லு!"

மாமா வாக்கி-டாக்கியை அணைத்தார்.

"போடா… போ. நான் பிடிக்க மாட்டேன்" என்றார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சரக்… சரக்… மெதுவாக நகர்ந்தது. ஆட்டம் நின்ற கோபத்தில் மைதானமே கூச்சல் போடுகிறது. பேட்ஸ்மேனின் முகம் மட்டும் திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எதையோ தொடர்ந்துகொண்டே போயிற்று. பிறகு கையை இறக்கினார். தைல வாசனையும் போய்விட்டது.

அப்பாடா என்றிருந்தது மாமாவுக்கு. டாக்டர் ரூமுக்குப் போயிருப்பான், நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தபடி வெளியே வந்தார். பின்பக்கச் சாலையில் கால் வைத்ததும்தான் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. கிடங்குகளைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. தண்ணீர்த் தொட்டியருகே வலப்பக்கம். அது மாமாவின் வீட்டுக்குப் போகிற வழி.

நானே சொல்லிவிடுகிறேன்… என் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன்… மாமா ஓடினார். அவர் ஓட ஓட, அதுவும் ஓடியது. தெருமுனையில் மூச்சு முட்டி நின்றார். அது நிற்கவில்லை.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசல்வரை தைல வாசனை. அத்தை சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"ஏங்க… ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவுல அவ்வளவு நேரம் இருந்துச்சாமே?"